"சாமியாராகப் போகிறேன்" என்று சொல்வதற்கு முன்னும் பின்னும்: இறையழைத்தலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் எப்போதாவது ஒரு பையனோ பெண்ணோ பின்தங்கி நிற்பதுண்டு. செருப்பைத் தேடுவதுபோல் ஒரு பாவனை. எல்லோரும் போன பிறகு கேள்வி வரும்: "சார், குருமடத்தில் சேர வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும்?"

என்னிடம் ஏன் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பிளஸ் டூ முடித்ததும் குருக்களை உருவாக்கும் அந்தப் பயிற்சி இல்லத்துக்குள் போய், மெய்யியல் (தத்துவம்) படிப்பு முடிந்த கையோடு வெளியே வந்தவன் நான். இன்று பள்ளி ஆசிரியன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். பங்குத்தந்தையிடம் கேட்டால் மாலைக்குள் செய்தி வீட்டுக்குப் போய்விடும் என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். என்னிடம் அந்தப் பயம் இல்லை. நின்றபடி பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். சேலத்துப் பக்கத்துப் பிள்ளைகளை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். அவர்களுடைய பெற்றோரும் படித்தால் நல்லது.

எந்த வாழ்வுக்கு அழைப்பு?

நம் ஊரில் "பிரதர்" என்ற சொல் பெரிய குழப்பத்தை உண்டாக்கி வைத்திருக்கிறது. விடுமுறையில் பங்குக்கு வந்து பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் குருமட மாணவரும் பிரதர்தான். ஏற்காடு மோன்ஃபோர்ட் பள்ளியை 1917-இல் தொடங்கிய சபையின் துறவியும் பிரதர்தான். முதலாமவர் சில ஆண்டுகளில் குருவாகித் திருப்பலி நிறைவேற்றுவார். இரண்டாமவர் சாகும்வரை அருட்சகோதரராகவே இருப்பார். அது அவர் எட்டாத படி அல்ல, அவர் தேர்ந்துகொண்ட வாழ்வு. இந்த வேறுபாடு தெரியாமல் ஒரு சபையில் சேர்ந்துவிட்டு, "எனக்கு எப்போது குருப்பட்டம்?" என்று மூன்றாம் ஆண்டில் கேட்ட ஒருவரை நான் அறிவேன்.

மறைமாவட்டக் குரு, அதாவது ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதிக்கு உரிய குரு, அந்த ஆயருக்குக் கீழ்ப்படிவதாகவும் மணத்துறவு காப்பதாகவும் வாக்களிக்கிறார். ஏழ்மை வார்த்தைப்பாடு (கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு) அவருக்கு இல்லை. சேலம் மறைமாவட்டத்துக்காகக் குருவானால் வாழ்நாளில் பெரும்பகுதியைச் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் பங்குகளில்தான் கழிப்பார். துறவறக் குருவோ தம் சபைக்கு உரியவர். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் ஆகிய மூன்று வார்த்தைப்பாடுகளும் கொடுத்தவர். சபை அனுப்பினால் ஜார்க்கண்டுக்கும் போவார், ஆப்பிரிக்காவுக்கும் போவார். அருட்சகோதரிகளுக்கும் இதே மூன்று வார்த்தைப்பாடுகள்தான். ஆனால் எந்த சபை என்பதைப் பொறுத்து அன்றாட வாழ்க்கை தலைகீழாக மாறும். ஏற்காட்டில் 1894-இல் பள்ளி தொடங்கிய குளூனி சகோதரிகளின் நாளும், வெளியே வராமல் செபத்திலேயே வாழும் கார்மேல் மடத்து சகோதரிகளின் நாளும் ஒன்றுபோல் இருக்க முடியாது.

குருவாகவோ துறவியாகவோ ஆகாமல் மறைக்கல்வி கற்பிக்கும் உபதேசியாரை இந்தப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. இயேசு சபைக் குரு தெ நொபிலி 1623-இல் மதுரையிலிருந்து வடக்கே நடந்து சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார் என்பதைப் பலரும் சொல்வார்கள். அவருடைய காலத்திலும் பிறகும், குருக்கள் ஆண்டுக்கு ஒருமுறை எட்டிப்பார்த்த ஊர்களில் செபம் சொல்லி, பிள்ளைகளுக்கு மந்திரம் கற்பித்து, சாகக்கிடந்தவர்களுக்குத் துணையிருந்தவர்கள் உபதேசியார்கள். 2021 மே 10 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி ஆசிரியர் பணியைத் திருச்சபையின் நிலையான திருப்பணிகளில் ஒன்றாக ஏற்படுத்தினார். திருமணமானவர்களும் பெண்களும் அதற்குத் தகுதியானவர்கள். உங்கள் உள்ளத்தில் எழும் ஆசை "கற்பிக்க வேண்டும், நோயாளிகளைச் சந்திக்க வேண்டும்" என்பதோடு நின்றுவிட்டால், அதற்கு அங்கியோ மடமோ தேவையில்லை.

குரல் கேட்குமா?

பெரும்பாலானவர்களுக்குக் கேட்பதில்லை. விவிலியத்தில் சிறுவன் சாமுவேல் கதையைக் கவனித்துப் படியுங்கள். அவனுக்குக் குரல் கேட்டது உண்மைதான். ஆனால் மூன்று முறையும் அது முதிய குரு ஏலியின் குரல் என்று நினைத்து அவரிடம் ஓடினான். "ஆண்டவரே பேசும், உம் அடியேன் கேட்கிறேன்" என்று பதில் சொல்லக் கற்றுக்கொடுத்ததே கண் மங்கிய அந்தக் கிழவர்தான். அழைக்கப்பட்டவனுக்கே அது யாருடைய குரல் என்று தெரியவில்லை. இன்னொருவர்தான் தெளிவுபடுத்தினார்.

நடைமுறையில் அழைத்தல் மெதுவாக, திரும்பத் திரும்ப வரும் ஒரு நினைப்பாகவே தெரியும். தேர்வுக் காலத்தில் மறந்துபோகும், தேர்வு முடிந்ததும் வந்து உட்காரும். வேறு வேலை கிடைத்த மகிழ்ச்சியிலும் ஓரத்தில் நிற்கும். ஏற்காட்டுக் காப்பிச் செடி கோடையின் பூமழைக்காக மொட்டோடு காத்திருப்பதைத் தோட்டத்துக்காரர்கள் சொல்வார்கள். மழை விழுந்து பத்து நாளைக்குள் மலைச்சரிவு முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். மழை வராமல் மொட்டைக் கையால் பிரித்தால் பூ வராது.

எந்த நோக்கங்கள் தவறானவை? வெளிப்படையாகவே சொல்கிறேன். அங்கியின் மீதான ஆசை. ஊரார் எழுந்து நிற்பார்கள் என்ற ஆசை. என் ஆயா பங்குத்தந்தையைச் "சாமி" என்றுதான் அழைப்பார். அந்தச் சொல்லின் மயக்கம் எனக்கும் இருந்தது. படிப்புச் செலவை யாராவது ஏற்றுக்கொள்வார்கள் என்ற கணக்கு. காதல் தோல்வி. "பையன் பிழைத்தால் கோயிலுக்குக் கொடுக்கிறேன்" என்று அம்மா வைத்த நேர்ச்சை. இந்தக் கடைசியைப் பற்றிக் கொஞ்சம் நிற்க வேண்டும். நேர்ச்சை வைத்தவரைத்தான் அது கட்டும். தாய் வைத்த நேர்ச்சையை மகன் தன் வாழ்க்கையைக் கொடுத்துத் தீர்க்கத் திருச்சபை கேட்பதில்லை. குற்ற உணர்வோடு உள்ளே போகிறவன் அந்தக் குற்ற உணர்வோடுதான் இருப்பான்.

கலப்படமான நோக்கத்தைக் கண்டு பயப்படவும் வேண்டாம். யாருக்கும் தொடக்கத்தில் நோக்கம் தூயதாக இருப்பதில்லை. இந்த நோக்கங்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்த பிறகும் ஏதாவது மிஞ்சுகிறதா என்று பாருங்கள்.

வீட்டிலிருந்தபடியே ஆறு மாதம்

எந்தக் குருமடத்துக்கும் கடிதம் எழுதுவதற்கு முன் ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். நாள்தோறும் இரவில் நான்கு வரி: இன்று எப்போது மனம் லேசாக இருந்தது, எப்போது கனத்தது, அந்த நினைப்பு வந்ததா, வந்தபோது என்ன செய்துகொண்டிருந்தேன். பக்திப் பேச்சு வேண்டாம். "செல்போனில் இரண்டு மணி நேரம் போனது" என்பதும் எழுத வேண்டியதுதான்.

ஞாயிறு தவிர வாரத்தில் இரண்டு நாளாவது காலைத் திருப்பலிக்குப் போங்கள். காலைத் திருப்பலிக்கு வருபவர்கள் ஏழெட்டுப் பேர்தான் இருப்பார்கள். பாடகர் குழு இல்லை, மாலை அலங்காரம் இல்லை. அந்த வெறுமை உங்களுக்குப் பிடிக்கிறதா? குருவின் வாழ்க்கையில் திருவிழாக் கொடியேற்றம் ஆண்டுக்கு ஒருமுறை. ஏழெட்டுப் பேர் திருப்பலி ஆண்டு முழுவதும். மாதம் ஒருமுறை ஒப்புரவு அருட்சாதனம் (பாவசங்கீர்த்தனம்). முடிந்தவரை ஒரே குருவிடம் செல்லுங்கள்.

மூன்றாவது, உடல் வருத்தும் ஒரு பணி. வின்சென்ட் தே பவுல் சபையினரோடு ஏழை வீடுகளுக்குப் போவது, பங்கின் சில குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் பாய் விரிப்பது, சேலத்தில் தெருவோரச் சிறுவர்களுக்காக இயங்கும் தொன் போஸ்கோ அன்பு இல்லம் போன்ற இடத்தில் அனுமதி கேட்டு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுப்பது, எதுவானாலும் சரி. செபத்தில் மட்டும் இனிப்பாக இருந்து, மனிதர்களைக் கண்டால் எரிச்சல் வருகிறதென்றால் அதையும் நோட்டில் எழுதுங்கள்.

இந்த ஆறு மாதத்தில் ஒரு நாளாவது முழு மௌனத்தில் இருங்கள். சேவராயன் மலை பக்கத்தில் இருப்பது நமக்குக் கிடைத்த கொடை. ஆனால் சனி, ஞாயிறுகளில் ஏற்காடு போகாதீர்கள். ஏரிக்கரையில் பஜ்ஜிக் கடைச் சத்தமும் படகுக்கான வரிசையும்தான் இருக்கும். மே மாதக் கோடை விழா நாட்களில் நினைக்கவே வேண்டாம். மழை ஓய்ந்த ஒரு வாரநாளில், அடிவாரத்திலிருந்து கிளம்பும் முதல் பேருந்துகளில் ஒன்றைப் பிடியுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டும்போது வயிறு புரளும், எலுமிச்சம்பழம் ஒன்று பையில் இருக்கட்டும். மலையில் துறவற இல்லங்கள் பல உண்டு; முன்கூட்டியே பங்குத்தந்தை வழியாகக் கேட்டால் ஒரு நாள் சிற்றாலயத்தில் அமர இடம் கொடுப்பார்கள். கேட்காமல் போய் வாசலில் நிற்காதீர்கள்.

அந்த நாளில் என்ன செய்வது? இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் முடிவெடுக்கத் தெரியாமல் தவிப்பவர்களுக்குச் சில கேள்விகளை வைத்தார். முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் நிலையில் இருந்து யோசனை கேட்டால் என்ன சொல்வீர்கள்? சாகும் நேரத்தில் எதைத் தேர்ந்திருக்க வேண்டும் என்று விரும்புவீர்கள்? கடவுள் முன் கணக்குச் சொல்லும் நாளில்? மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். மூன்றும் ஒன்றையே சொன்னால் அது கவனிக்க வேண்டியது. அவருடைய இன்னொரு விதி எனக்கு மிகவும் உதவியது: மனம் வறண்டு இருண்டு கிடக்கும் காலத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே. சேர்வதானாலும் விலகுவதானாலும், வறட்சிக் காலத்தில் கடிதம் எழுதாதீர்கள்.

கண் தெரிந்த ஓர் ஏலி

ஆன்ம வழிகாட்டி ஒருவர் தேவை. அவர் உங்களுக்கு உறவினராக இருக்கக் கூடாது. உங்கள் சேர்க்கையை முடிவுசெய்பவராகவும் இருக்கக் கூடாது. அனுபவம் மிக்க ஒரு குருவோ அருட்சகோதரியோ போதும். மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம், நோட்டோடு போங்கள். இரண்டாவது சந்திப்பிலேயே "உனக்கு நிச்சயம் அழைத்தல் இருக்கிறது, வா" என்று சொல்பவரிடமிருந்து மெல்ல விலகிக்கொள்ளுங்கள். நல்ல வழிகாட்டி அதிகம் கேட்பார், குறைவாகச் சொல்வார்.

உள்ளே போன பிறகும் இது பொருந்தும். குருமடத்தில் ஒரு மாணவரைத் திருப்பட்டத்துக்கு ஏற்பதா, வெளியே அனுப்புவதா என்று முடிவெடுக்கும்போது ஆன்ம வழிகாட்டியின் கருத்தையோ ஒப்புரவு கேட்கும் குருவின் கருத்தையோ கேட்கவே கூடாது என்பது திருச்சபைச் சட்டம் (எண் 240). அவரிடம் சொன்னது அதிபரிடம் போகாது. இது தெரியாமல் நான் இரண்டு ஆண்டுகள் என் ஆன்ம வழிகாட்டியிடம் வானிலை பேசிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சொல்வது

மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் கடினமான கட்டம்.

அப்பாவிடம் ஒரு மாலை நேரம், வேலை முடிந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது சொல்லுங்கள். உறவினர் கூடிய வீட்டில் சொல்லாதீர்கள். கிறிஸ்துமஸ் அன்று சொல்லவே சொல்லாதீர்கள். "முடிவு எடுத்துவிட்டேன்" என்று தொடங்கினால் அங்கேயே சண்டை. "எனக்கு இப்படி ஒரு நினைப்பு ஆறு மாதமாக இருக்கிறது, சோதித்துப் பார்க்க விரும்புகிறேன்" என்பது உண்மையும்கூட.

வரும் பதில்களை நான் பட்டியல் போட முடியும். "ஒரே மகன், குடும்பப் பெயர் போய்விடும்." "தங்கை கல்யாணம் இருக்கிறது." "தறி வாங்கிய கடன் யார் கட்டுவது?" இவை வெறும் சாக்குகள் என்று நினைக்காதீர்கள். திருச்சபைச் சட்டமே கடனைப் பற்றிப் பேசுகிறது: தீர்க்க முடியாத கடன் உள்ளவர்களைத் துறவற சபைகள் சேர்க்கக் கூடாது (எண் 644). உங்கள் பெயரில் கல்விக் கடன் இருந்தால் முதலில் அதற்கொரு வழி செய்யுங்கள். இரண்டு ஆண்டு வேலைக்குப் போய்க் கடனை அடைத்துவிட்டுச் சேர்ந்தவர்கள் உண்டு. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை பார்த்துவிட்டு 23 வயதில் குருமடத்துக்குப் போனவர் எங்கள் வகுப்பில் இருந்தார். எங்கள் எல்லோரையும்விட அவர்தான் தெளிவாக இருந்தார்.

பெண்கள் விஷயத்தில் எதிர்ப்பு வேறு மாதிரி வரும். சில வீடுகளில் எதிர்ப்பே வராது. அதுதான் ஆபத்து. மூன்று பெண்கள் உள்ள வீட்டில் ஒருத்தி மடத்துக்குப் போகிறேன் என்றால் நகை, சீர் கணக்கு குறைகிறது என்ற நிம்மதி பெற்றோர் முகத்தில் தெரிந்துவிடும். அந்த நிம்மதியைக் கண்டால், மகளே, ஒரு ஆண்டு தள்ளிப்போடு. படித்து முடித்து, ஒரு வேலையில் உன் கையால் சம்பளம் வாங்கிய பிறகும் அந்த நினைப்பு இருக்கிறதா என்று பார். அப்போது போவது உன் விருப்பம் என்று உனக்கே தெரியும்.

மறுபக்கமும் உண்டு: வீட்டில் எல்லோரும் பெருமைப்பட்டு, உறவினருக்கெல்லாம் சொல்லி, பங்கில் அறிவிப்பும் வந்துவிட்டால் திரும்பி வர வழியில்லாமல் போய்விடும். ஆகவே பெற்றோருக்கு என் வேண்டுகோள்: பிள்ளை உள்ளே போகும் அன்றே, "எந்த நாள் வேண்டுமானாலும் நீ வீட்டுக்கு வரலாம், யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டோம்" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். என் அப்பா சொன்னார். நான் வெளியே வந்தது அதனால் அல்ல. உள்ளே நிம்மதியாக இருந்த ஆண்டுகள் அதனால்தான்.

இந்தச் சுதந்திரம் என் கண்டுபிடிப்பு அல்ல. அச்சத்தாலோ வற்புறுத்தலாலோ ஏமாற்றத்தாலோ நவதுறவில் (துறவறப் பயிற்சிக் காலத்தில்) சேர்ந்தால் அந்தச் சேர்க்கையே செல்லாது (எண் 643). திருப்பட்டம் பெறப்போகிறவர் முழு விருப்பத்தோடும் அறிந்தும் பெறுவதாகத் தம் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும் (எண் 1036). பத்துப் பன்னிரண்டு ஆண்டுப் படிப்புக்குப் பிறகும் அந்தத் தாளைக் கேட்கிறார்கள் என்றால் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள்.

வந்து பாருங்கள்

யோவான் நற்செய்தியில் "எங்கே தங்கியிருக்கிறீர்?" என்று கேட்ட சீடர்களுக்கு இயேசு விளக்கம் சொல்லவில்லை, "வந்து பாருங்கள்" என்றார். இறையழைத்தல் முகாம்கள் அதற்குத்தான். தேர்வுகள் முடிந்த ஏப்ரல், மே மாதங்களில் பெரும்பாலும் நடக்கும். உயிர்ப்பு விழாவோடு தொடங்கும் பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறான நல்லாயன் ஞாயிறு, 1964 முதல் இறையழைத்தலுக்காகச் செபிக்கும் உலக நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதையொட்டிப் பங்கில் அறிவிப்பு வரும்.

மறைமாவட்டக் குருவாக விரும்பினால் பங்குத்தந்தை வழியாக மறைமாவட்ட இறையழைத்தல் பணிக்குழுவை அணுகுங்கள். எல்லை தெரிந்திருக்க வேண்டும்: 1930 மே 26 அன்று உருவான சேலம் மறைமாவட்டத்திலிருந்து 1997-இல் தருமபுரி தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும்.

சபைகளிலிருந்து பள்ளிக்கு வந்து வண்ணத் துண்டறிக்கை கொடுப்பவர்களிடம் எச்சரிக்கையோடு மரியாதையாக இருங்கள். அவர்களில் நல்லவர்கள் அதிகம். ஆனால் "இத்தனை பேரைக் கொண்டுவர வேண்டும்" என்ற நெருக்கடியில் இருப்பவர்களும் உண்டு. முகாமின் அறிமுகத் திரைக்காட்சியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரு வாரம் இல்லத்தில் தங்க அனுமதி கேளுங்கள். போனால் சமையலறையைப் பாருங்கள்: யார் சமைக்கிறார்கள், யார் பாத்திரம் கழுவுகிறார்கள், உணவு மேசையில் சிரிப்பு இருக்கிறதா? பிறகு, சபையின் முதியோர் இல்லத்துக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள். எண்பது வயது அருட்சகோதரி ஒருவர் எப்படிப் பராமரிக்கப்படுகிறார், ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் அவர் முகம் எப்படி இருக்கிறது என்பதைவிட நல்ல துண்டறிக்கை கிடையாது.

கேட்க வேண்டியவற்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள். நான் விரும்பும் படிப்பைப் படிக்க வைப்பீர்களா, சபையின் தேவை என்று வேறு படிப்புக்கு அனுப்புவீர்களா? ஆண்டுக்கு எத்தனை நாள் வீட்டுக்குப் போகலாம்? அம்மாவுக்கு உடல் நலமில்லையென்றால்? கடந்த ஐந்து ஆண்டுகளில் உங்களிடமிருந்து வெளியேறியவர்கள் ஏன் போனார்கள்? கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் இல்லத்தை நான் நம்புவேன்.

காகிதங்கள்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். புதிதாக எடுத்த திருமுழுக்குச் சான்றிதழ், உறுதிபூசுதல் சான்றிதழ், பெற்றோரின் திருமணச் சான்றிதழ், பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதம், மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், ஆதார், மருத்துவச் சான்று. பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் (திருமுழுக்கில் ஆரோக்கியசாமி, பள்ளியில் ஆரோக்யராஜ் என்பது நம் ஊரில் சர்வ சாதாரணம்) இப்போதே திருத்துங்கள். பல இடங்களில் உளவியல் மதிப்பீடும் உண்டு. அதில் நல்ல பிள்ளையாகத் தெரிய முயலாதீர்கள். ஏற்கெனவே ஒரு குருமடத்திலோ சபையிலோ இருந்து விலகியவர் என்றால் மறைக்காதீர்கள். அங்கிருந்து சான்று வாங்காமல் புதிய குருமடத்தில் சேர்க்க முடியாது.

எப்போது சேர்வது? பத்தாம் வகுப்போடு சேர்வதை நான் ஆதரிப்பதில்லை. பிளஸ் டூ முடித்துச் சேரலாம். முடிந்தால் பட்டப்படிப்பை முடித்துவிட்டுச் சேருங்கள்.

உள்ளே இருக்கும் ஆண்டுகள்

குரு ஆவதற்கு முதலில் ஓர் ஆண்டு முதல் இரண்டு ஆண்டுகள்வரை ஆன்மிகத் தயாரிப்பு. அதன்பின் மெய்யியல் குறைந்தது இரண்டு ஆண்டு, இறையியல் நான்கு ஆண்டு. இடையில் பங்கிலோ விடுதியிலோ களப்பணி ஓர் ஆண்டு. பட்டப்படிப்பையும் சேர்த்தால் பிளஸ் டூவுக்குப் பின் பத்து முதல் பன்னிரண்டு ஆண்டு ஆகிவிடும். தமிழக மறைமாவட்ட மாணவர்கள் பூந்தமல்லி, திருச்சி, பெங்களூரு போன்ற இடங்களின் பெரிய குருமடங்களில் படிக்கிறார்கள். குருப்பட்டத்துக்கு முந்தைய படியான திருத்தொண்டராக 23 வயதும் குருவாக 25 வயதும் நிறைந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஆறு மாதம். மணத்துறவு வாக்கு திருத்தொண்டர் பட்டத்திலேயே வந்துவிடுகிறது. பலர் அதைக் குருப்பட்டத்தன்று என்று நினைக்கிறார்கள். திருமணத்துக்கு முன் மணமக்கள் பெயரைக் கோயிலில் அறிவித்து ஓலை வாசிப்பதுபோல் பட்டம் பெறுபவர் பெயரும் சொந்தப் பங்கில் அறிவிக்கப்படும். தடை ஏதேனும் தெரிந்தவர் அதைச் சொல்லியாக வேண்டும்.

துறவற வாழ்வில் முதலில் அறிமுகக் காலம், பிறகு நொவிஷியேட் என்று எல்லோரும் சொல்லும் நவதுறவு. 17 வயது நிறையாமல் அதில் சேர முடியாது. பன்னிரண்டு மாதமாவது முழுமையாக இருக்க வேண்டும். அதன் முடிவில் முதல் வார்த்தைப்பாடு. மூன்று முதல் ஆறு ஆண்டுவரை தற்காலிக வார்த்தைப்பாட்டில் இருந்து, 21 வயதுக்குக் குறையாமல் இறுதி வார்த்தைப்பாடு. நிலபுலன் உள்ள குடும்பங்களுக்கு ஒரு செய்தி: முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் தம் சொத்தின் நிர்வாகத்தைத் தாம் விரும்பும் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். இறுதி வார்த்தைப்பாட்டுக்கு முன் நாட்டுச் சட்டப்படியும் செல்லுகிற உயில் எழுத வேண்டும். பங்காளிச் சண்டைக்கு இடமில்லாமல் இதை முன்பே பேசிவிடுவது நல்லது.

இத்தனை படிகளும் ஏன்? ஒவ்வொன்றும் ஒரு கதவு. நீங்களும் வேண்டாம் என்று சொல்லலாம், அவர்களும் சொல்லலாம். பிள்ளைகள் இதில் பாதியைத்தான் கேட்டுக்கொள்கிறார்கள். "எனக்கு அழைத்தல் இருக்கிறது" என்பது உங்கள் சான்று மட்டுமே. பட்டம் கொடுக்கும் சடங்கில் பெயர் சொல்லி அழைத்த பிறகுதான் முன்னே வந்து "இதோ வருகிறேன்" என்று சொல்கிறார்கள். அதுவரை யாருக்கும் அதில் உரிமை கிடையாது. என்னை யாரும் அனுப்பவில்லை. நானே கேட்டு வந்தேன். மெய்யியல் கடைசி ஆண்டில், நான் அந்த வாழ்வை விரும்புவதைவிட விலகினால் வரும் பேச்சுக்கே அதிகம் பயப்படுகிறேன் என்பதை என் பழைய நாற்பது பக்க நோட்டில் நானே எழுதியிருந்ததைப் படித்தேன். இன்னும் மூன்று மாதம் காத்திருந்தேன். வறட்சி விலகி, மனம் தெளிந்திருந்த ஒரு வாரத்தில் அதிபரிடம் போய்ச் சொன்னேன். அவர் தேநீர் வரவழைத்தார்.

வெளியே வந்தால்

வந்தவுடன் சான்றிதழ்களை எல்லாம் வாங்கிவிடுங்கள். பல்கலைக்கழகப் பட்டத்துக்கு உரியவை தனி, குருமடப் படிப்புக்கு உரியவை தனி. துறவற சபையிலிருந்து வெளியேறுபவர் அங்கே செய்த வேலைக்குச் சம்பளம் கோர முடியாது என்றாலும், நியாயத்தோடும் அன்போடும் நடத்த வேண்டிய கடமை சபைக்கு இருக்கிறது (எண் 702). தொடக்க மாதங்களுக்கு உதவி தேவையென்றால் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

ஆறு மாதத்துக்குத் திருமணப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். ஊர் மாறிப் போய் ஒளிந்துகொள்ளவும் வேண்டாம். முதலில் பங்குத்தந்தையிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், அவர் அதை இன்னொருவர் வாயால் கேட்கக் கூடாது. பிறகு வரும் ஞாயிறே திருப்பலிக்குப் போய், சின்ன வயதிலிருந்து உட்காரும் அதே இடத்தில் உட்காருங்கள். முதல் வாரம் எல்லோரும் பார்ப்பார்கள். இரண்டாம் வாரம் சிலர் கேட்பார்கள், "ஏன் தம்பி வந்துவிட்டாய்?" என்று. "சோதித்துப் பார்த்தேன், பெரியம்மா, எனக்கானது இல்லை" என்றால் போதும். நான்காம் வாரம் யாராவது வந்து, மறைக்கல்வியில் ஏழாம் வகுப்புக்கு ஆசிரியர் இல்லை, உங்களுக்கு நேரம் இருக்கிறதா என்று கேட்பார்கள்.